ஏணியும் தூணும்

வீட்டில் அவளுக்குப் பெரியவள் என்றுதான் பெயர். பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் வேறு ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் எல்லாரும் அவளுக்கு வேண்டாதவர்கள். வேண்டியவர்களுக்கு அவள் பெரியவள், அடுத்துப் பிறந்தவள் சின்னவள். இருவருக்கும் நடுவே வயது வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம். ஆனாலும் பெரியவள் என்ற பட்டத்தை அவள் ஒருநாளும் தலையிலிருந்து இறக்கி வைத்ததில்லை.

அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் தாராளமாகச் சொல்லலாம். சோம்பேறி இல்லை. பொய் பேசமாட்டாள். எடுத்த வேலையை முடிக்காமல் சாப்பிட உட்காரமாட்டாள், பக்கத்தில் இருப்பவர்களையும் உட்கார விடமாட்டாள். தங்கை மேல் உயிரையே வைத்திருந்தாள். இதில் எதுவும் பொய்யில்லை. தங்கையிடம் கேட்டாலும் இதையேதான் சொல்லுவாள். கேட்டவர்கள்தான் யாருமில்லை.

அப்பா வேலை பார்த்த மருந்துக் கிடங்கில் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர் ஒன்றை அவர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் கணக்குப் போடுவதற்கு எதுவும் ஓடவில்லை. ஓடியது ஒரே ஒரு கேம், இரண்டு பேர் சேர்ந்து விளையாடுவது. கீபோர்டு ஒன்றுதான். இடது பக்கத்து எழுத்துகள் முதல் ஆளுக்கு, வலது பக்கத்து அம்புக்குறிகள் இரண்டாவது ஆளுக்கு. பெரியவள் ஓடிப்போய் இடது பக்கத்தில் உட்கார்ந்தாள். சின்னவள் வலது பக்கத்தில் ஒண்டிக்கொண்டாள். தோளோடு தோள் இடிக்க, ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்து அந்த இரண்டு பேரும் விளையாடுவதைப் பார்த்து அம்மா சொல்லுவாள்: "இதுங்க ரெண்டும் ஒட்டிப் பொறந்ததுங்க. எனக்குத்தான் தனித்தனியா வலி குடுத்துச்சுங்க."

பெரியவள் வளர்ந்து புரோகிராம் எழுதப் படித்தாள். ஒரு பெரிய அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். மேலாளரின் முகத்துக்கு நேரே அவர் அறிவைப் பற்றித் தன் அபிப்பிராயத்தைச் சொன்னாள், வேலையை விட்டாள். சின்னவள் பாடப்புத்தகங்களுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தாள். அவளுக்கு அந்த வேலை பிடித்துத்தான் இருந்தது. "அத விடு, நாம சேர்ந்து ஒண்ணு பண்ணலாம்" என்று பெரியவள் சொன்ன வாரமே அவள் அதை விட்டாள். டயர் கடைக்கு மேலே ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது. கீழே காற்றடிக்கும் மெஷின் ஓடினால் மேலே மேஜை நடுங்கும். அந்த மேஜையில்தான் ஏணியும் தூணும் பிறந்தார்கள்.

ஏணி, தூண் என்பவர்கள் அவர்கள் செய்த கேமின் இரண்டு நாயகிகள். இடிந்துபோன சுரங்கம் ஒன்றிலிருந்து இருவரும் மேலே ஏறி வெளியே வரவேண்டும், கதை அவ்வளவுதான். ஏணி ஒல்லி. தன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தாவுவாள், சுவரில் தொற்றி ஏறுவாள், ஆனால் ஒரு கூழாங்கல்லைக்கூடத் தூக்க அவளால் முடியாது. தூண் குண்டு. பாறையைப் புரட்டுவாள், மேலிருந்து இறங்கும் இரும்புக் கதவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பாள், ஆனால் வாசற்படி உயரம் தாவ அவளுக்குத் தெரியாது. தூண் கதவைப் பிடித்தால் ஏணி அதன் அடியில் நுழைந்து மேலே போகலாம். மேலே போன ஏணி கயிறு விட்டால்தான் தூண் வெளியே வரலாம். ஒருத்தியை விட்டு ஒருத்தி ஒரு லெவலும் தாண்ட முடியாது.

இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து விளையாட வேண்டிய கேம் அது. "தனியா விளையாடுறதுக்கு உலகத்துல ஆயிரம் கேம் இருக்கு. இது அப்படி இல்ல" என்று பெரியவள் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். சொல்லும்போது தங்கையின் தோளில் கை போட்டுக்கொள்வாள்.

ஏணியின் தாவலுக்காக அவள் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டாள். கால் தரையை விடும் நொடி, உச்சியில் கொஞ்சம் மிதப்பது, இறங்கும்போது ஒரு சின்னக் குலுக்கல் என்று ஒவ்வொன்றையும் இழைத்து இழைத்துச் செய்தாள். ஒன்றை மாற்றியதும் "வாடி" என்பாள். சின்னவள் வரைந்துகொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு வந்து வலது பக்கத்தில் உட்காருவாள். பெரியவள் ஏணி, சின்னவள் தூண். சின்ன வயதில் உட்கார்ந்த அதே பக்கம், அதே கீபோர்டு. கேம் முழுவதும் செய்து முடிக்கிற வரைக்கும் இருவரும் ஒருமுறைகூட இடம் மாறி உட்காரவில்லை. உப்புப் பார்க்காமல் யாரும் குழம்பை இறக்கமாட்டார்கள். இவள் பாதிச் சட்டியைத்தான் பார்த்தாள். மீதிப் பாதிக்குத் தங்கையின் முகம் போதுமென்று நினைத்தாள், அந்த முகத்தையும் திரும்பிப் பார்க்கவில்லை. கண் ஏணி மேலேயே இருந்தது.

சின்னவள் ஒருமுறை வாயைத் திறந்தாள்.

"அக்கா, தூணுக்கும் கொஞ்சம் ஏதாவது வேலை குடுக்கலாமே."

"அதான் கதவப் பிடிக்கிறாளே. அத விட என்ன பெரிய வேலை? அவ இல்லாட்டி ஏணி போக முடியுமா?"

"முடியாதுதான்."

"அப்புறம் என்ன? நீ வரையிற வேலையப் பாரு. இத நான் பாத்துக்கிறேன்."

சின்னவள் வரைகிற வேலையைப் பார்த்தாள். தூணுக்கு நெற்றியில் ஒரு முடிக்கற்றை விழுகிற மாதிரி வரைந்தாள். கதவைப் பிடித்திருக்கும்போது தூண் அதை ஊதி ஊதி ஒதுக்குவாள். பார்க்க வேடிக்கையாக இருந்தது. பெரியவளும் சிரித்தாள். இவ்வளவு நுணுக்கமாகத் தங்கை அதை ஏன் வரைந்தாள், கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவளுக்கு அதை விட்டால் வேறென்ன இருக்கிறது என்பதெல்லாம் அவளுக்குத் தோன்றவில்லை.

கேமை வெளியிட ஒரு கம்பெனிக்காரர் முன்வந்தார். மெதுவாகப் பேசுகிற மனுஷர், டீ ஆறிப்போன பிறகுதான் குடிப்பார். முதலில் நாலு பேரிடம் கொடுத்துப் பார்க்கலாம் என்று ஒரு கூடத்தில் மேஜைகளைப் போட்டு, தெரிந்தவர் தெரியாதவர் என்று ஜோடி ஜோடியாக வரச் சொன்னார். கணவன் மனைவி, சிநேகிதர்கள், ஒரே இடத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லாம் வந்தார்கள். அக்காவும் தங்கையும் பின்னால் நின்று பார்த்தார்கள்.

கொஞ்ச நேரம் கூடம் கலகலவென்று இருந்தது. பிறகு பாதிக் கூடம் மட்டும் கலகலவென்று இருந்தது. ஏணியை வைத்திருந்தவர்கள் தாவினார்கள், விழுந்தார்கள், சிரித்தார்கள். தூணை வைத்திருந்த ஒரு பெண் ஒரு விரலால் பொத்தானை அமுக்கிக்கொண்டு மற்றக் கையால் கைப்பையைத் துழாவினாள். இன்னொருவன் பக்கத்திலிருந்த சிநேகிதனிடம் "என் முறை எப்படா வரும்?" என்று கேட்டான். "இதுவும் உன் முறைதான்டா" என்றான் சிநேகிதன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். மூலையில் வயதான தம்பதி. புருஷன் ஏணி. மனைவி தண்ணீர் குடிக்க எழுந்தாள். கதவு இறங்கி ஏணியை நசுக்கியது.

"எங்க போற? பிடிச்சிட்டு நில்லுன்னு சொன்னேன்ல?"

"வீட்லயும் அதத்தான் செய்றேன். இங்க நீங்களே விளையாடிக்குங்க" என்று அந்த அம்மாள் கூடத்தை விட்டே போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் கம்பெனிக்காரரின் அறையில் உட்கார்ந்தார்கள். அவர் சுற்றி வளைக்கவில்லை.

"எழுந்து போனவங்க எல்லாரும் தூண் விளையாடினவங்கம்மா. ஏணி விளையாடினவங்க ஒருத்தர்கூட எழுந்திருக்கல."

பெரியவளுக்குச் சுருக்கென்றது. "ஜனங்களுக்குப் பொறுமை இல்ல சார். அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? இத்தனை நாளா என் தங்கச்சி தூண் விளையாடுறா. ஒரு நாள் முகம் சுளிச்சதில்ல, ஒரு நாள் எழுந்து போனதில்ல. அவளையே கேளுங்க." அவர் கேட்குமுன் அவளே திரும்பினாள். "சொல்லுடி. உனக்கு எப்பவாவது சலிச்சுதா?"

சின்னவள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் ஒரு பொய் சொல்லியிருந்தால் எல்லாம் பழையபடியே போயிருக்கும். அவள் எத்தனையோ முறை அப்படிச் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு ஏனோ வரவில்லை.

"சலிச்சுதுக்கா."

"எப்போ?"

"எப்பவுமே."

கம்பெனிக்காரர் டீயை எடுத்துக் குடித்தார். அது இன்னும் ஆறவில்லை.

பஸ்ஸில் வரும்போது பெரியவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். பாதி வழி வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. பிறகு திறந்தவள் மூடவில்லை. "ஊரான் முன்னாடி என் மானத்த வாங்கிட்டியே. உன்ன என் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கிட்டேன்டி. உனக்காகத்தானே ரெண்டு பேர் விளையாடுற மாதிரி பண்ணினேன்?"

"மாத்தலாம்க்கா" என்றாள் சின்னவள். "பெரிய மாத்தம் ஒண்ணும் வேண்டாம். ஏணி மேல போற நேரத்துல தூணுக்குக் கீழ ஒரு வழி வைக்கலாம். நான் வரைஞ்சுகூட வச்சிருக்கேன்."

பெரியவள் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்: தனக்குத் தெரியாமல் இவள் எதையோ வரைந்து வைத்திருக்கிறாள். "தூணுக்கு ஆளே வேண்டாம். கதவ மெஷினே பிடிக்கட்டும். அதுக்குச் சலிக்காது" என்றாள்.

கோபத்தில் சொன்ன சொல்தான். மறுநாள் அதையே கம்பெனிக்காரரிடம் இன்னொரு முறை சொல்ல, அவருக்குப் பிடித்துப்போயிற்று. ஊர் முழுக்க ஒண்டிக்கட்டைகளாக இருக்கிற காலத்தில் தனியாக விளையாடுகிற கேம்தான் ஓடும் என்றார் அவர். இனி ஏணியை மட்டும் ஆள் ஓட்டுவார், தூண் தானாக ஓடுவாள். உலகத்தில் இருக்கிற ஆயிரம் கேமோடு ஆயிரத்தோராவது கேமாக அதைச் செய்வதற்குப் பெரியவளே உட்கார்ந்து எழுதினாள். வெறியோடு எழுதினாள், நன்றாகவும் எழுதினாள். ஏணி கதவருகே வந்தால் தூண் ஓடிவந்து தூக்கிப் பிடிப்பாள். ஏணி போய்த் திரும்பும்வரை நிற்பாள். அதற்கும் ஓர் எல்லை வைக்க வேண்டுமே என்று, மனுஷராய்ப் பிறந்த எவரும் இதற்குமேல் ஒருத்தியை நிற்கவைக்க மாட்டார்கள் என்று தோன்றிய ஒரு நேரத்தை அவளே போட்டாள்.

அந்த நாட்களில் "வாடி" என்று கூப்பிட அவசியம் வரவில்லை. சின்னவள் பாக்கியிருந்த படங்களை எல்லாம் முடித்தாள். மேஜையைத் துடைத்தாள். தன் டம்ளரைக் கழுவித் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, "வரேன்க்கா" என்றாள். நாளைக்கு வருகிற மாதிரியேதான் சொன்னாள். நகரத்தின் மறுகோடியில் படம் வரைகிறவர்கள் சேர்ந்து நடத்தும் இடம் ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. வீட்டையும் அங்கேயே பார்த்துக்கொண்டாள்.

பெரியவள் தடுக்கவில்லை. வந்துவிடுவாள் என்று நினைத்தாள். பசியெடுத்தால், உடம்பு முடியாமல் போனால், அங்கே யாராவது ஒரு சொல் சொன்னால் வந்துவிடுவாள். எங்கே போய்விடப் போகிறாள்? அந்த ஒரு நம்பிக்கையில்தான் அவள் காலையில் எழுந்தாள், படி ஏறினாள், விளக்கைப் போட்டாள். அம்மா போன் செய்து "அவளக் கூப்பிட்டியா?" என்று கேட்டால், "அவதானே போனா? அவளே வரட்டும்" என்பாள்.

கேம் வெளியே வந்தது. ஓகோ என்று ஓடவில்லை, விழுந்துவிடவும் இல்லை. விளையாடியவர்கள் ஏணியின் தாவலைப் புகழ்ந்தார்கள். ஒருவர் எழுதியிருந்தார்: 'தூண் மாதிரி ஒரு துணை யாருக்குக் கிடைக்கும்? கேள்வி கேட்பதில்லை, குறுக்கே வருவதில்லை, சொன்ன இடத்தில் நிற்கிறாள்.' பெரியவள் அதைப் படித்து மகிழ்ந்துபோய் சின்னவளுக்கு அனுப்பிவைத்தாள். எந்த நினைப்பில் அனுப்பினாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. 'நல்லதுக்கா' என்று பதில் வந்தது.

இரண்டாம் பாகம் செய்யலாமா என்று கம்பெனிக்காரர் கேட்டபோது அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இதை விடப் பெரிய சாக்கு வேறு என்ன வேண்டும்? படம் வரையச் சின்னவளைத்தான் கூப்பிட வேண்டும். தங்கை திரும்பி வந்து பக்கத்தில் உட்காருவதைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஆனால் அதைக் கேட்டு வாங்க அவளுக்கு நாக்கு எழாது, கொடுப்பதுபோலத்தான் கேட்கத் தெரியும். 'நடந்தது நடந்துபோச்சு, நான் மனசுல வச்சுக்கல, கிளம்பி வா' என்று ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்துக்கொண்டாள்.

அதற்குமுன் ஒரு சின்னப் பிழையைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. வெள்ளம் புகுந்த கிடங்கு என்று ஒரு லெவல். அதில் ஏணி மேலே ரொம்ப நேரம் நின்றுவிட்டால், தூண் திடீரென்று கதவை விட்டுவிடுகிறாள் என்று புகார் வந்தது. எல்லாரும் அவள் நிர்ணயித்த எல்லைக்குள்தான் விளையாடுவார்கள் என்ற கணக்கு எங்கே தப்பியது என்று பார்க்க வேண்டும். அதற்குப் பழைய ரெக்கார்டிங்குகள் இருந்தன. கேம் செய்த காலத்தில் இருவரும் அமுக்கிய ஒவ்வொரு பொத்தானையும், பிழை பார்ப்பதற்காக, கம்ப்யூட்டர் தானே பதிந்து வைத்திருந்தது. ஏணிக்குத் தனியாக, தூணுக்குத் தனியாக. கிடங்கு லெவலில் ஆக நீளமான பதிவை அவள் எடுத்தாள். ஏணியின் பதிவை மட்டும் ஓடவிட்டாள். பழைய பெரியவளின் விரல்கள் ஏணியை ஓட்டட்டும். தூணைத் தன் கையால் பிடித்துப் பார்த்தால் எந்த இடத்தில் தப்புகிறது என்று தெரிந்துவிடும்.

வலது பக்கத்து நாற்காலியில் அவள் துணிமணிகளைப் போட்டு வைத்திருந்தாள். அதை இறக்கிவிட்டு உட்கார்ந்தாள். நடுப்பகல். கீழே காற்று மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

ஏணி துள்ளிக்கொண்டு வந்தாள். பெரியவள் மேல் அம்புக்குறியை அமுக்கினாள், தூண் கதவைத் தூக்கினாள். ஏணி அடியில் நுழைந்து சுவரில் தொற்றி ஏறினாள். ஏறியதும் திரை அவளோடு மேலே போனது. தூண் திரைக்குக் கீழே மறைந்துபோனாள். திரை எப்போதும் ஏணியோடு போகவேண்டும் என்று எழுதியவள் பெரியவள்தான். இப்போது தான் எங்கே இருக்கிறோம் என்று அவள் தேடினாள். தேடிப் பயனில்லை. தூண் நெற்றி முடியை ஊதுகிறாளா என்றுகூடத் தெரியவில்லை. விரலை எடுத்தால் கதவு விழும் என்பது மட்டும் தெரிந்தது.

மேலே ஏணி விளையாடிக்கொண்டிருந்தாள். எடுக்கத் தேவையில்லாத மணிகளை எல்லாம் எடுத்தாள். தாவி முடித்த இடத்தை, தாவல் அழகாக வந்திருக்கிறது என்பதற்காக, திரும்ப வந்து இன்னொரு முறை தாவினாள். பெரியவளுக்கு விரல் கடுத்தது. "போதும், வாடி" என்று தன்னையறியாமல் சொன்னாள். யாரைச் சொன்னோம் என்று உறைத்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

பிறகு ஏணி நின்றாள். ஒரு மேடையின் நுனியில், கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, அப்படியே. பதிவு நின்றுவிட்டதோ என்று பார்த்தாள், ஓடிக்கொண்டுதான் இருந்தது. தூணுக்கு அவள் போட்டு வைத்த எல்லையைத் தாண்டி ஓடியது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு விளையாட்டின் நடுவே பழைய அலுவலகத்துச் சிநேகிதி ஒருத்தி அவளுக்குப் போன் செய்தாள். போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய், மேலாளரைப் பற்றி வயிறு குலுங்கச் சிரித்துச் சிரித்துப் பேசிவிட்டு வந்தாள். வந்து உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து விளையாடினாள். கதவு திறந்தே இருந்தது. அது எப்படித் திறந்தே இருந்தது என்று அவள் அன்றைக்கு யோசிக்கவில்லை, அதற்குப் பிறகும் யோசிக்கவில்லை.

இப்போது அவளால் அவ்வளவு நேரம் பிடிக்க முடியவில்லை. விரலை எடுத்துவிட்டாள். கீழே எங்கோ கதவு விழுகிற சத்தம் கேட்டது.

வெகுநேரம் கழித்து ஏணிக்கு உயிர் வந்தது. ஒன்றும் நடக்காததுபோல் குதித்துக் குதித்து இறங்கி வந்து மூடிய கதவில் முட்டினாள். முட்டிக்கொண்டே, நின்ற இடத்திலேயே ஓடினாள். பெரியவள் அதை நிறுத்திவிட்டு, தூணின் பதிவை, சின்னவளின் விரல் பதிந்த பதிவை, திறந்து பார்த்தாள். ஏணி நுழைந்தது முதல் திரும்பி வந்தது வரைக்கும் அந்த விரல் ஓரிடத்திலும் எழுந்திருக்கவில்லை. வெட்கமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆத்திரம் யார் மேல் என்று இந்த முறை தெரிந்திருந்தது.

போனை எடுத்தாள். தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் ஒன்றுக்கும் உதவவில்லை.

"என்னக்கா, இந்த நேரத்துல?"

"வேலையா இருக்கியா?"

"ஆமா. சொல்லு."

"கிடங்கு லெவல்ல ஒரு நாள் நான் பாதியில போன் பேசப் போயிட்டேனே. எதுக்குடி அவ்வளவு நேரம் கதவப் பிடிச்சிட்டே இருந்த?"

போனில், சின்னவளைச் சுற்றி நாற்காலிகள் இழுபடும் சத்தமும் யாரோ சிரிக்கும் சத்தமும் கேட்டன.

"விட்டா மூடிக்குமேக்கா."

"என்னக் கூப்பிட்டிருக்கலாம்ல?"

"கூப்பிட்டேன். நீ அங்கேருந்து, இருன்னு கைய காட்டின."

பெரியவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அந்தப் பக்கம் யாரோ சின்னவளை அவளுடைய பள்ளிக்கூடத்துப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். "இதோ வந்துட்டேன்" என்று அவள் குரல் கொடுத்தாள். அந்தக் குரல் பெரியவள் கேட்டறியாத அளவுக்கு உற்சாகமாக இருந்தது.

"சரி, வச்சிரட்டுமாக்கா? இங்க எனக்காகக் காத்துட்டு இருக்காங்க."

"சரி" என்றாள் பெரியவள்.